அந்த ரேடியோவை நிறுத்துங்க!

"அந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்தித் தொலைக்கிறீங்களா?"

மேகலா போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள்கூட வாயை மூடிக்கொண்டன. ரேடியோ மூடவில்லை.

"...ஆகவே, புகையான் பூச்சி தென்பட்டால் விவசாயப் பெருமக்கள் உடனடியாக..."

"நெல்லை அறுத்துக் கொண்டாந்து கொட்டியாச்சு. இப்ப எதுக்குங்க புகையான்?"

"அடுத்த போகத்துக்கு ஆவும்லங்க?" என்று சிரித்தான் அவன். சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கிற ரகம்... அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருந்த அந்த நெல் கொள்முதல் நிலையத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை நெல்லைக் கொட்டியவர்கள் திங்கட்கிழமை வரை காவல் கிடக்க வேண்டியதுதான். காவல் கிடப்பது கூடப் பரவாயில்லை. பக்கத்து அம்பாரத்துக்காரன் மரக்கிளையில் ஒரு ரேடியோவை மாட்டி, பாட்டே போடாமல் நாள் பூராவும் பேசுகிற அரசாங்க வானொலியை அலறவிட்டால் மனுஷி என்ன செய்வாள்?

"செல்லுல ஹெட்செட் மாட்டிக் கேக்கக் கூடாதா?"

"பேச்சுன்னா நாலு பேரு காதுல விழணும்ங்க. தனியா கேட்டா என்ன ருசி?"

கடவுளே!

அவளுக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை. அப்பாவுக்கு இடுப்பு முடியாமல் போனதிலிருந்து குத்தகை நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான். 'இந்தச் சம்பா ஒழுங்கா வித்துச்சுன்னா நீ விவசாயம் பாரு. இல்லாட்டி நெலத்தைத் திருப்பிக் குடுத்துட்டு, சிங்கப்பூர் மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடணும்' என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். நேற்று கொண்டுவந்தால், நெல்லில் ஈரம் அதிகம், காயவைத்துக் கொடு என்றுவிட்டார்கள். அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக மொத்த நெல்லையும் களத்தில் பரப்பிவிட்டு, வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. மூட்டுவலிக்கு ஒரு டாக்டர் வந்தார். அவர் போனதும் சிறுவர் வினாடி வினா. அதற்கும் பிறகு சொத்துப் பிரிவினைக்கு ஒரு வக்கீல்.

"ஏங்க, உங்களுக்கு மூட்டு வலிக்குதா?"

"இல்லீங்க."

"சொத்துத் தகராறு?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னாத்துக்குங்க எல்லாத்தையும் வாயைப் பொளந்துகிட்டுக் கேக்குறீங்க?"

அவன் ஏதோ சொல்ல வந்தான்... முகம் சிவந்தது... சொல்லவில்லை. அவள் துப்பட்டாவைக் காதைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து வந்தான். கையில் மடித்த தார்ப்பாய்.

"சாயங்காலத்துக்குள்ள மழை வருமாம். வானிலையில சொன்னாங்க. என் நெல்லை மூடிட்டேன். எங்கிட்ட ஒரு தார்ப்பாய் கூடுதலா இருக்கு. உங்க நெல்லையும் இழுத்து மூடிருவமா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். பளீரென்று வெயில்.

"உங்க ரேடியோ சொல்லிச்சுன்னா மழை வந்துருமா? எங்கிட்டயே தார்ப்பாய் இருக்கு. உங்களுது ஒண்ணும் வேணாம்!"

அவளிடம் இருந்த தார்ப்பாய் பாதி நெல்லுக்குக்கூடக் காணாது. அது அவளுக்கே தெரியும். ஆனாலும் அந்த ரேடியோக்காரனிடம் போய்க் கைநீட்டுவதா?

வாட்ச்மேன் முருகையன் டீ கொண்டுவந்தபோது வெயில் மங்கியிருந்தது. "ஏம்மா, பரணிதரன்கிட்ட நீ மல்லுக்கு நிக்கிறியாமே? பாவம்மா. மூணு மணி நாடகத்துல அந்தத் தம்பிதான் கதாநாயகன். மொத நாடகம். அதைக் கேக்கத்தான் காலையிலேருந்து ரேடியோவோட மல்லாடுது. உங்கிட்டச் சொல்ல வெக்கம்."

மேகலாவுக்குச் சுருக்கென்றது. அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் ரேடியோவுக்கு நேர் கீழே, பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பையன் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். சிரிப்பு வந்தது... கூடவே என்னவோ செய்தது.

"இன்றைய நாடகம்..." என்று அறிவிப்பு தொடங்கியது.

முதல் சொட்டு அவள் மூக்கில் விழுந்தது.

ஐயோ! நெல்!

அவள் நெல் தள்ளும் பலகையை எடுப்பதற்குள் அவன் பாய்ந்து வந்திருந்தான். நாடகமாவது ஒன்றாவது! ரேடியோவை மரத்திலேயே விட்டுவிட்டான். இவள் தள்ள, அவன் வார, முருகையன் கூட்ட, பரப்பிக் கிடந்த நெல் அம்பாரமானது. இரண்டு தார்ப்பாயையும் இழுத்து மூடினார்கள். மழை சடசடவென்று இறங்கிவிட்டது.

"அந்த முனையைப் புடிங்க!" என்று அவன் கத்தினான்.

"கயல்விழி... உன் கண்களைப் பார்க்கும்போது..." என்று மரத்திலிருந்து அதே குரல் குழைந்தது.

"ஏங்க, முனையை விட்டுட்டு எங்க பாக்குறீங்க? மண்ணு மாதிரி நிக்கிறீங்களே!" என்று கீழே அவன் அதட்டினான்.

"...என் உள்ளத்தில் மலர்ந்ததை இன்று சொல்லிவிடுகிறேன். கேள் கயல்விழி..."

கொர்ர்ர்... கொர்... டப்.

ரேடியோ செத்துவிட்டது.

மழை பெய்த வேகத்திலேயே ஓய்ந்தது. முருகையன் தார்ப்பாய்க்குள் கைவிட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து, பல்லில் கடித்துப் பார்த்தார். "நல்லா காஞ்சிருக்கும்மா மேகலா. நாளைக்குக் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துருவாங்க." அவர் கூடுதலாக ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மேகலாவுக்குக் கண் கலங்கியது. சிங்கப்பூர் மாப்பிள்ளை இனி சிங்கப்பூரிலேயே சௌக்கியமாக இருக்கட்டும்! ஆனால் இந்த மனுஷன்... நனைந்த ரேடியோவைக் குழந்தையைப் போல மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். இமையெல்லாம் மழைத்துளி.

"எல்லாம் என்னாலதான். நீங்க காலையிலயே சொன்னீங்க. எனக்குத்தான் திமிரு."

"விடுங்க. நெல்லு பொழைச்சிச்சுல்ல?"

"அந்தக் கயல்விழிகிட்ட... என்னா சொல்ல வந்தீங்க?"

"அது எதுக்குங்க இப்ப? காதல் வசனம். ரேடியோ ஸ்டேஷன்ல திரும்பத் திரும்பப் பேசச் சொன்னாங்க. ஃபீலிங்கே வரலைன்னு திட்டு."

"பரவால்ல. சொல்லுங்க."

அவன் தொண்டையைச் செருமினான். "உன்னை நான்..." என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். அவளைப் பார்த்தான். மழையில் கலைந்த முடியும், கன்னத்தில் ஒட்டிய பதரும், கோபமில்லாத அந்தப் பெரிய கண்களும்...

"மேகலா, எனக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க. காலையிலேருந்து என்னைத் திட்டுறீங்களே... அதுவும் புடிச்சிருக்கு."

வேப்பமரம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது அந்த வசனம் இல்லியே," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"இல்லீங்க. அது... வாய் தவறி..." அவன் பதறி எழுந்தான். "தப்பா நெனைச்சுக்காதீங்க. நான் பேசலை. இனிமே வாயே தொறக்க மாட்டேன்."

பார்த்தீர்களா இந்த ஆளை! ரேடியோவை நிறுத்து என்று நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்தியபோது கேட்காதவன், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துகிறான். அவளுக்கு வந்த கோபத்துக்கு அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் திரும்பவும் உட்காரவைத்தாள்.

"நான் ரேடியோவைத்தான் நிறுத்தச் சொன்னேன். உங்களை இல்ல... பேசுங்க."