துடிப்பு அடங்கிய வெளிச்சம்

தகவல் வயரைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கடைசி விளக்கு துடித்துக்கொண்டுதான் இருந்தது.

நவ்ரீன் கையிலிருந்த வயர் முனையைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய அந்த ரசாயனக் கிடங்கில் வைஃபைக்கு அனுமதி இல்லை. அதனால் கூரையிலிருந்த எல்இடி விளக்குகளின் வெளிச்சத்திலேயே தகவலை ஏற்றி, சரக்குத் தூக்கும் வண்டிகளின் திரைக்கு அனுப்ப அவள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். வெளிச்சம் துடித்ததில் வேலையாட்களுக்குத் தலைவலி, வாந்தி. வண்டி ஓட்டும் ஜெயவேல் நேற்று கண் இருண்டு, அமிலப் பீப்பாய் அடுக்கில் மோதப் போய்விட்டான். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, விளக்கு எரியும் நேரமும் அணையும் நேரமும் எப்போதும் சரிபாதியாக இருக்கும்படி நிரலை மாற்றி எழுதினாள். துடிப்பு கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்குப் போய், வெளிச்சம் அசையாமல் நின்றது. இது ஒன்றைத் தவிர.

வெளியே மத்தியான மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருக்க, ஜன்னலே இல்லாத அந்தக் கோடியில் ரசாயன நெடியையும் மீறி, உப்புத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறிய துணியின் வாடை எங்கிருந்தோ கசிந்து வந்தது.

“இன்னா மேடம், இது மட்டும் பேஜாரு பண்ணிகினே கீது?” விளக்குக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான் ஜெயவேல்.

“வயரையே எடுத்துட்டேண்ணா. கரண்டு மட்டும்தான் போவுது. வேற எதுவும் போவக் கூடாது.”

வெளிச்சத்தில் வரும் தகவலைப் படித்துக் காட்டும் ரிசீவரை விளக்கை நோக்கி நீட்டினாள். அதன் திரையில் எழுத்துகள் ஓடின. அவள் அனுப்பாத எழுத்துகள்.

*இங்க தண்ணிக்கு அடியில இருட்டு.*

ரிசீவரை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

*நெறய பேர் கீறோம். எடம் இல்ல.*

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை. வாடை நெருங்கியது.

*கீழ நிக்கிறவன் போதும்.*

“அண்ணா, இந்தப் பக்கம் வாங்க! சீக்கிரம்!”

ஜெயவேல் அசையவில்லை. அண்ணாந்த கழுத்து அப்படியே நின்றது. நவ்ரீன் சுவரோரம் ஓடி சுவிட்சை அணைத்தாள்.

விளக்கு அணைந்தது.

துடிப்பு நிற்கவில்லை.

அது அவன் கண்ணில் இருந்தது. வெள்ளை வெளிச்சம். எரிந்தது. அணைந்தது. வேகமாக. இன்னும் வேகமாக. அப்புறம், அவள் எழுதிய அதே கணக்கில், துடிப்பே தெரியாமல் போனது.

“சரியாப் பூட்ச்சி மேடம்,” என்றான், ஜெயவேலின் குரலிலேயே.

ரிசீவர் அவன் முகத்தைப் பார்த்திருந்தது. திரையில் எழுத்துகள் நிற்கவே இல்லை.

*எடம் கெட்ச்சிட்ச்சி. இன்னும் ஒண்ணு வோணும்.*

அவன் சிரித்துக்கொண்டே அவளை நோக்கி நடந்துவந்தான். இமைக்கவே இல்லை.