சாம்பல்நீர் நூறு

காலை ஐந்தரைக்குச் சிதம்பரநாதன் குளித்துவிட்டு வெளியே வந்தபோது, சுவர் மெல்லிய குரலில், "சாம்பல்நீர் எண்பத்தெட்டு" என்றது. அவர் அதைக் காதில் வாங்காமல் தலையைத் துவட்டினார். பூமியிலிருந்து செவ்வாய்க்கு வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. சுவர்கள் பேசுவதை இன்னும் ஒரு பேச்சாக அவர் மதிக்கவில்லை.

ஓட்டுநர் இருக்கையில் இருந்த பூங்கோதை அந்த எண்ணைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். இறங்குதளத்திலிருந்து மாமனாரை ஏற்றிக்கொண்டு அவள் கிளம்பிய இந்த உருள்மனை, ஆறு சக்கரத்தின்மேல் ஓடும் ஒற்றை அறை வீடு. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் அதன் அடியிலுள்ள நூற்றறுபது லிட்டர் தொட்டியில் போய்ச் சேரும். அதற்குத்தான் சாம்பல்நீர் என்று பெயர்; தொட்டி நூற்றுக்கு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைச் சுவர் சொல்லும். குடியிருப்புக்குப் பதினோரு நாள் பயணம். ஆளுக்கு ஒரு வேளை, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தாள். மாமனாரிடம் அதை எப்படிச் சொல்வது? முதல்முறையாக அவள் பொறுப்பில் இருக்கிறார். கணவன் அங்கே வாசலில் காத்திருப்பான்.

"மாமா, தண்ணி கொஞ்சம் பாத்து..."

"நிறைய இருக்கேம்மா. நல்ல தண்ணி முக்காத் தொட்டி காட்டுது."

"நல்ல தண்ணி இருக்கு மாமா. அழுக்குத் தண்ணிக்குத்தான் இடமில்லை."

அவருக்குப் புரியவில்லை. திருச்சியில் வளர்ந்தவர். வந்த தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாரே தவிர, போன தண்ணீரை அவர் நினைத்ததே இல்லை.

அன்று பிற்பகல் புழுதிப்புயல் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் வண்டி நகரவில்லை. இரண்டாம் நாள், அவள் சற்றே கண்ணயர்ந்த நேரத்தில், சிதம்பரநாதன் தன் இரண்டு வேட்டிகளையும் அலசிவிட்டார். மருமகளுக்கு வேலை வைக்கக் கூடாதென்ற நல்லெண்ணம்தான்.

"சாம்பல்நீர் நூறு" என்றது சுவர். அதே மெல்லிய குரல். குழாய்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்ட ஓசை கேட்டது. பிறகு சக்கரங்கள். கடைசியாகக் கதவு.

மண்காப்புச் சட்டம் அப்படி. செவ்வாயின் மண்ணில் மனிதன் பயன்படுத்திய நீர் ஒரு சொட்டும் விழக் கூடாது. தொட்டி நிரம்பினால் குழாய் திறக்காது. திறந்தால் அந்த நீர் எங்கே போகும்? சக்கரம் உருளாது, குலுங்கினால் ததும்பும். கதவும் திறக்காது; வாளியில் மொண்டு வெளியே கொட்டிவிட்டால்? எண்பதுக்குக் கீழே இறங்கினால்தான் எல்லாம் விடுபடும். ஆனால் தொட்டி நீரை இறக்கும் நிலையம் மூன்று மணி நேர ஓட்டத் தொலைவில் இருந்தது.

நின்ற இடத்துக்கே வந்து தொட்டியைக் காலிசெய்யும் உறிஞ்சு வண்டி கேட்டுச் செய்தி அனுப்பினாள். புயலில் நாற்பது உருள்மனைகள் சிக்கியிருப்பதாகவும் அவளுடைய முறை அன்றிலிருந்து ஐந்தாம் நாள் என்றும் பதில் வந்தது.

கையிலிருந்த இரண்டு புட்டி நீர் மறுநாளே தீர்ந்தது. குடிக்கவும் கழுவவும் ஒரே குழாய்தான். காலடியில் இருநூறு லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு மிடறுக்கு வழியில்லை. புயல் ஓய்ந்து, சன்னலுக்கு வெளியே பாதை துலக்கமாகத் தெரிந்தது. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

"என்னாலதானே?" என்றார் சிதம்பரநாதன், உதடு ஒட்டிய குரலில்.

அவள் பொய் சொல்ல நினைத்தாள். நாக்கு அதற்கும் வறண்டிருந்தது. "நான் முதல் நாளே சொல்லியிருக்கணும், மாமா. கூச்சப்பட்டுட்டேன்."

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. நாடி படபடவென்று ஓடியது. பூங்கோதை கட்டிலுக்கு அடியிலிருந்த தொட்டியின் சோதனை மூடியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அதில் அரசு முத்திரை. உடைத்தால் மூன்று ஆண்டுகள் வண்டி ஓட்ட முடியாது. வண்டியில்லாமல் பாறை அளவை வேலை இல்லை. அந்த வேலைக்காகத்தான் அவள் இந்தக் கோளுக்கே வந்தாள்.

திருப்புளியை முத்திரையில் கொடுத்து நெம்பினாள்.

சோப்பும் புளித்த சாம்பாரும் கலந்த வாடை குப்பென்று எழுந்தது. டம்ளரால் மொண்டு குக்கரை நிரப்பினாள். பிறகு இட்லிப் பாத்திரம், தூக்குச் சட்டி, காலிப் புட்டிகள், கருவிப் பெட்டி, மண் மாதிரி எடுக்கும் டப்பாக்கள். சிதம்பரநாதன் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி லாரி வந்தா எங்க தெருவுல இப்படித்தான் அண்டா குண்டாவெல்லாம் ரொப்பி வைப்போம்" என்றார். "அது நல்ல தண்ணிம்மா."

சுவர் எழுபத்தொன்பது சொன்னது. குழாய் திறந்தது. முதல் டம்ளரை அவருக்குப் புகட்டிவிட்டு, அடுத்ததை நின்றபடியே குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது.

அந்தப் பகல் முழுவதும் நடைவேகத்தில் ஓட்டினாள். தேறி எழுந்த சிதம்பரநாதன், மடியில் குக்கரை அணைத்துக்கொண்டு, கால்களுக்கிடையில் கருவிப் பெட்டியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வண்டிக்குள்ளும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

நிலையத்தின் காவலர் உடைந்த முத்திரையை வெகுநேரம் பார்த்தார். "வெளியில ஊத்துனீங்களா?"

"இல்லைங்க. அத்தனையும் இருக்கு."

"அப்ப ரொம்பச் சந்தோஷம். ஆனா முத்திரை முத்திரைதான்." அவளுடைய ஓட்டுநர் அட்டை மூன்று ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. கணவன் வந்து வண்டியை ஓட்டிப்போகலாம் என்றார். பூங்கோதை வெளியுடையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். நிலையத்தின் குழாயைப் பொருத்தித் தொட்டியைத் திறந்துவிட்டாள். நீர் சலசலவென்று இறங்கியது.

வெளியுடையில் கால் நீட்டி நடக்கப் போயிருந்த சிதம்பரநாதனின் குரல் காதுக்கருவியில் கேட்டது. "கோதை, இந்தச் சுவருக்குப் பின்னாடி கொஞ்சம் வாம்மா."

போனாள். நிலையத்தின் குழாய் சுவரைத் துளைத்து மறுபக்கம் வந்து அப்படியே முடிந்திருந்தது. அதன் வாயிலிருந்து, செவ்வாயின் மெல்லிய காற்றில் கொதித்துக்கொண்டே விழுந்த நீர், மண்ணைத் தொட்டதும் உறைந்தது. பள்ளத்தாக்கு கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாம்பல் நிறப் பனி. நுரை நுரையாக, சோற்றுப் பருக்கையோடு, தலைமுடியோடு, ஓர் ஆள் உயரத்துக்கு.

பின்னால் வந்த காவலர், "சுத்திகரிப்பு எந்திரம் வரணும்ங்க" என்றார். "ஒன்பது வருசமா வரணும். இந்தப் பக்கம் நிலைய எல்லைக்குள்ள சேராது, வண்டி எல்லைக்குள்ளயும் சேராது. அதனால சட்டமும் இல்லை."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"யாரு சுவரைத் தாண்டிப் பாக்குறா?"

சுவருக்கு அப்பால் வரிசையில் நின்ற வண்டிகள் விளக்கை மின்னி மின்னி அவசரப்படுத்தின. பூங்கோதை திரும்பிப் போய் குக்கரைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். சுவரின் இந்தப் பக்கமே அதைச் சாய்க்கப் போனவளைக் காவலர் ஓடிவந்து தடுத்தார்.

"ஐயோ, இங்க ஊத்திராதீங்கம்மா. இது காப்பு மண். பத்தடி தள்ளி அந்தப் பக்கம் போய் ஊத்துங்க."

அவள் பத்தடி நடந்தாள். ஊற்றினாள். திரும்பிவந்து இட்லிப் பாத்திரத்தை எடுத்தாள். சிதம்பரநாதன் கருவிப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவள் பின்னால் நடந்தார்.