கூடையில் வந்த மவுஸ்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. அது ஓடி நான் பார்த்ததுதான் குறைவு. அதனால் அலெக்சாந்திரியாவின் மற்றத் தெருக்களைப் போலவே எங்கள் தெருவிலும் ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு கூடையும் நீளமான கயிறும் உண்டு. கூடையைக் கீழே இறக்கினால் ரொட்டி ஏறி வரும், தக்காளி ஏறி வரும். ஒருமுறை மூன்றாம் மாடி இன்ஸாஃப் அத்தை வீட்டுக்கு உயிரோடு ஒரு கோழி ஏறி வந்தது. வழி நெடுக அது போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் மவுஸ் ஏறி வந்தது ஐந்தாம் மாடி நிஸ்மா வீட்டுக்குத்தான்.

நிஸ்மாவுக்குப் பதினொரு வயது. அவளுடைய பாபா, அதாவது அப்பா, ஃபிக்ரி வெளிநாட்டுப் படங்களுக்கு அரபியில் சப்டைட்டில் போடுகிறவர். மவுஸ் வருவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் ஒரு பெரிய தர்ப்பூசணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். யாரோ படியைக் கழுவிவிட்டு ஈரத்தைத் துடைக்காமல் விட்டிருந்தார்கள். பாபா வழுக்கி விழுந்தார். வலது கை எலும்பு முறிந்தது. கணுக்கால் வீங்கியது. தர்ப்பூசணிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"என்னைப் பிடிக்க யாருமில்ல, பழத்தை மட்டும் நான் நல்லா பிடிச்சிருக்கேன்" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

வியாழக்கிழமை மதியம் அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு ஒரு புதிய கார்ட்டூன் வந்திருந்தது. துப்பறியும் வாத்து ஒன்றின் கதை. இப்படி ஒரு கார்ட்டூன் வேலைக்காக எட்டு மாதம் காத்திருந்தார். வசனங்களை எல்லாம் எழுதி முடித்துவிட்டார். வாத்து வாயைத் திறக்கும் நொடியில் அந்த வசனம் திரையில் வர வேண்டும் அல்லவா? ஒவ்வொரு வரியையும் மவுஸால் இழுத்து இழுத்து அதன் இடத்தில் வைக்கும் வேலைதான் பாக்கி. இருநூறு வரிகள் இருந்தன. மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வாத்து வேறு ஒருவர் கைக்குப் போய்விடும்.

வீட்டில் இருந்த மவுஸோ வலது கைக்கென்றே வளைத்துச் செய்தது. போன வருடம் பாபாவே தேடிப் பிடித்து வாங்கியது. கட்டை விரலுக்கு ஒரு பள்ளம், சுண்டு விரலுக்கு ஒரு மேடு. இடது கையில் பிடித்தால் கட்டை விரல் மேட்டில் ஏறி நின்றது. ஒயரும் குட்டையாக இருந்ததால் மேசையின் இடது பக்கத்துக்கு எட்டவே இல்லை.

பாபா இழுத்தார். நரி பேச வேண்டியதை வாத்து பேசியது. இன்னொரு முறை இழுத்தார். வாத்து பேச வேண்டியதைக் கதவு பேசியது.

நிஸ்மாவின் தம்பி ஷாதிக்கு ஆறு வயது. அவன் கை தட்டிச் சிரித்தான். "பாபா, கதவு 'நான்தான் திருடன்'னு சொல்லுது!"

பாபா மவுஸைக் கீழே வைத்தார். "போதும் நிஸ்மா. அந்த போனை எடு. என்னால முடியாதுன்னு சொல்லிடறேன்."

அவர் முகத்தைப் பார்க்க நிஸ்மாவுக்கு என்னவோ போல் இருந்தது. இரண்டு நாளாக அவர் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். ஒவ்வொரு வாய்க்கும் யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போலச் சாப்பிடுகிறார். பை தூக்குவதைத் தவிர அந்தக் கைக்கு அவர் இதுவரை ஒரு வேலையும் கொடுத்ததில்லை.

"பாபா, அரை மணி நேரம் கொடுங்க. ஒயர் இல்லாத மவுஸ் ஒண்ணு வாங்கிடலாம். அப்புறம் போன் பண்ணிக்கலாம்."

"உங்கம்மா என்ன சொல்லிட்டுப் போனா?"

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் கிளம்பும்போதே சொல்லியிருந்தார்: 'இவங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு வாசலைத் தாண்டாதே.'

"நான் தாண்ட மாட்டேன். கூடை தாண்டும்" என்றாள் நிஸ்மா.

எங்கள் கட்டடத்தின் அடியிலேயே வஹ்தானின் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. நிஸ்மா பால்கனியில் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"வஹ்தான் அண்ணே! ஒயர் இல்லாத மவுஸ் வேணும்!"

வஹ்தான் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். "யாருக்கு ராணி?"

"பாபாவுக்கு!"

"ஃபிக்ரி பாஷாவுக்கா? கடையிலயே ராஜா மவுஸ் ஒண்ணு இருக்கு. கூடவே கீபோர்டும் அனுப்பட்டா?"

"கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. மவுஸ் மட்டும் போதும். பாபா பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லுவார்!"

"பிடிச்சா காசை இறக்கு, பிடிக்கலைன்னா மவுஸை இறக்கு!"

கூடை போய் வந்தது. நாலாம் மாடியில் என் ஜன்னலைத் தாண்டும்போது நானே பார்த்தேன். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று கல்யாண வீடு மாதிரி ஒன்று மினுக்கிக்கொண்டு போனது.

ஷாதிக்கு அதைப் பார்த்ததும் வாய் மூடவில்லை. "பாபா, இதுதான், இதுதான்!"

பாபா இடது கையில் பிடித்தார். அதே பள்ளம், அதே மேடு. கட்டை விரல் மறுபடியும் மலையேறியது.

"அழகாத்தான் இருக்கு" என்றார் பாபா, பாவமாக.

அடுத்துக் கூடையில் வந்தது ஒரு குட்டி மவுஸ். பேரீச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. ஆனால் பாபாவின் கை பெரியது. அதைப் பிடித்தபோது விரல் முட்டிகள் மேசையில் உரசின. பத்து வரி இழுப்பதற்குள் கை மரத்துவிட்டது.

"மணி மூணேகால்" என்றார் பாபா. போன் பக்கம் அவர் கண் போனது.

நிஸ்மா தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இடது கையால் முதலில் மினுக்கும் மவுஸைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு குட்டியைப் பிடித்தாள். தன் கையை பாபாவின் கை மேல் வைத்து அளந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு பால்கனிக்கு ஓடினாள்.

"வஹ்தான் அண்ணே! வலதுக்கும் இடதுக்கும் ஒரே மாதிரி இருக்கணும்! பெரிய கைக்கு அடங்கணும்! லைட்டே வேணாம்!"

வஹ்தான் தலையைச் சொறிந்தான். "அப்படி ஒண்ணு கிடக்கு. ரெண்டு வருஷமா யாரும் தொடல. பார்க்கச் சகிக்காதே!"

"பார்க்கப் போறது வாத்தை! மவுஸை யாரு பார்க்கப் போறா? அனுப்புங்க!"

மூன்றாவதாக வந்த மவுஸ் சாம்பல் நிறத்தில், தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. ஷாதி உதட்டைப் பிதுக்கினான். பாபா அதன் மேல் இடது கையை வைத்தார். ஐந்து விரலும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

"அட!" என்றார் பாபா. இரண்டு நாளில் முதல் முறையாக அவர் முகம் மலர்ந்தது.

"ரிசீவர் எங்கே?" என்று நிஸ்மா தேடினாள். கம்ப்யூட்டரில் சொருகுகிற குட்டித் துண்டு அது. அதைச் சொருகினால்தான் மவுஸ் அசைவது கம்ப்யூட்டருக்குத் தெரியும். மவுஸைத் திருப்பிப் பார்த்தாள். அடிமூடியே இல்லை.

"அண்ணே! ரிசீவரை வைக்கலையே!"

"வச்சேனே! மூடி தொலைஞ்சுபோச்சு, அதனால பக்கத்துல தனியா வச்சேன். நகம் அளவுதான் இருக்கும், நல்லாப் பாரு!"

நிஸ்மா கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். வெங்காயத் தோல் ஒன்று விழுந்தது. அது பனையோலைக் கூடை. தக்காளிக்கும் ரொட்டிக்கும் பின்னியது. அடியில் அங்கங்கே சின்னச் சின்ன ஓட்டைகள். அதற்குள் நகம் அளவுப் பொருளை வைத்தால் தங்குமா?

வஹ்தான் நெற்றியில் அடித்துக்கொண்டான். தெருவில் குனிந்து தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. "அதுக்கு வேற ரிசீவர் சேராதே ராணி!"

ஷாதிக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயோ, இனிமே கதவுதான் பேசுமா?"

நிஸ்மா கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறைக்குள் ஓடி, ஒரு கை காய்ந்த மொச்சைக்கொட்டையோடு திரும்பி வந்தாள்.

"பசிக்குதா?" என்று கேட்டார் பாபா.

"இல்ல பாபா. ரிசீவர் எந்த வழியா போச்சோ, இதுவும் அந்த வழியாத்தான் போகும்."

மொச்சையை ஒரு டம்ளரில் போட்டுக் கூடையில் இறக்கினாள். "அண்ணே! ரிசீவரை வச்ச இடத்துலயே இதைக் கொட்டுங்க!" ஷாதியிடம், "நீ கம்பி வழியா கீழேயே பாரு. மொச்சை எங்க விழுதோ அங்க கையைக் காட்டு" என்றாள். ஷாதி அழுகையை நிறுத்திவிட்டுக் காவல்காரன் போல நின்றான்.

நிஸ்மா முன்பு இழுத்த அதே வேகத்தில் கயிற்றை இழுத்தாள். முதல் மாடி வரை ஒன்றும் இல்லை. இரண்டாம் மாடியிலும் இல்லை. மூன்றாம் மாடியில் இன்ஸாஃப் அத்தையின் துணிக்கொடிக் கம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கூடை அதில் இடித்துச் சாய்ந்தது.

"விழுந்துச்சு! ஒண்ணு, ரெண்டு, மூணு! எல்லாம் அத்தை வீட்டுக்குள்ள!" என்று ஷாதி குதித்தான்.

"யாருடா அது, என் தலையில மொச்சைக்கொட்டை போடறது?" என்று கீழிருந்து ஒரு குரல் வந்தது.

இன்ஸாஃப் அத்தை வெளியே எட்டிப் பார்த்தார். அவர் பால்கனி முழுக்க ஒரு விரிப்பு. அதன் மேல் முலூக்கிய்யா கீரை காய்ந்துகொண்டிருந்தது. பாதிக் கீரையை அள்ளித் தலையணை உறையில் போட்டு, கசக்கிப் பொடியாக்கச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தை! கசக்காதீங்க!" என்று நிஸ்மா கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல்கள்கூடத் திறந்தன.

"ஏண்டி, உன் வீட்டுக் கீரையா இது?"

"அதுக்குள்ள பாபாவோட ரிசீவர் இருக்கு, அத்தை!"

"ரிசீவரா? அது என்ன கீரை?"

"கீரை இல்ல அத்தை! கறுப்பா, நகம் அளவு இருக்கும். அது இல்லைன்னா பாபாவோட வேலை போயிடும்!"

வேலை என்றதும் அத்தையின் கை நின்றது. "சல்லடை எடுத்துட்டு வரேன், இரு" என்று உள்ளே போனார்.

முதல் சலிப்பில் இரண்டு மொச்சை வந்தது. அடுத்ததில் அத்தை நாலு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த சட்டைப் பொத்தான் வந்தது. ஏழாவது சலிப்பில் பச்சைத் துகளுக்கு நடுவே கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது.

"இதுவா? இத்துனூண்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"அதேதான் அத்தை! ஒரு கைக்குட்டையில முடிச்சுப் போட்டுக் கூடையில வைங்களேன்!"

அத்தை முடிச்சுப் போட்டார். ஒன்று போதாதென்று மூன்று போட்டார். அதை அவிழ்க்க நிஸ்மாவுக்குப் பல் தேவைப்பட்டது.

ரிசீவரை ஊதிவிட்டுச் சொருகினாள். மவுஸ் அசைந்தது. திரையில் அம்பும் அசைந்தது. பாபா ஒரு வரியை இழுத்தார். எந்த விரலால் அழுத்துவது என்று தெரியாமல் தடுமாறினார்.

"இருங்க பாபா." நிஸ்மா முதலில் தன் இடது கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் வலது பொத்தானை இடதாகவும் இடது பொத்தானை வலதாகவும் மாற்றி வைத்தாள். "இப்ப ஆள்காட்டி விரலாலயே அழுத்துங்க."

மணி நாலேகால். முதல் இருபது வரிகள் ஆமை வேகத்தில் போயின. அதன் பிறகு பாபா மணியைப் பார்க்கவே இல்லை. வாத்து பேச வேண்டியதை வாத்து பேசியது. நரி பேச வேண்டியதை நரி பேசியது. கதவு வாயை மூடிக்கொண்டு கதவாக நின்றது. ஷாதிக்கு மட்டும் அதில் கொஞ்சம் வருத்தம்.

ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பாபா வேலையை அனுப்பினார். அனுப்பிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அது தன் கைதானா என்று சந்தேகம் வந்தவர் போல இருந்தது. பிறகு அந்தக் கையாலேயே நிஸ்மாவின் தலைமுடியைக் கலைத்துவிட்டார். நிஸ்மாவுக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அதே சந்தோஷத்தோடு பால்கனிக்குப் போய், பிடிக்காத இரண்டு மவுஸையும் பணத்தையும் கூடையில் இறக்கினாள், பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து.

வாத்து பாபாவிடமே தங்கிவிட்டது. ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் வலது கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார். "எல்லா வேலையும் பழையபடி இந்தக் கையாலயே செய்யலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் லிஃப்ட் ஓடாததால் வழக்கம்போல் படியேறிக்கொண்டிருந்த நான், மூச்சு வாங்க ஐந்தாம் மாடி வரைக்கும் போய் பாபாவை நலம் விசாரித்தேன். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கை தேநீர் டம்ளரைப் பிடித்திருந்தது. இடது கை சாம்பல் நிற மவுஸின் மேல் இருந்தது.

"கைதான் சரியாயிடுச்சே ஃபிக்ரி, இன்னும் ஏன் இந்தக் கையில?" என்று கேட்டேன்.

"இது இந்தக் கைக்குன்னே என் மக பார்த்துப் பார்த்து வாங்கினது" என்றார் பாபா. "அந்தக் கைக்கு யாராவது வாங்கித் தரட்டும், பார்க்கலாம்!"