கரை விளக்கு அணையும் வரை

பிற்பகல் இரண்டு பத்துக்கு லோர்னா கிவேலாவின் கதை திருட்டுச் சொத்தாகிவிட்டது. அப்படித் தீர்ப்புச் சொன்னது அவள் கைப்பேசியில் இருந்த ஏஐ.

மறுநாள் காலை அச்சுக்குப் போகும் தொகுப்பில் முதல் கதை அவளுடையது. நாற்பத்தொரு வயதில் அச்சேறப்போகும் முதல் கதையும் அதுதான். 'முழுக்க என் சொந்தக் கற்பனை' என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தாள். போட்ட நாளிலிருந்து ஒரே சந்தேகம். இது சின்ன வயதில் எங்கோ படித்த கதையோ? ஏதாவது சொல்வதென்றால் மாலை ஐந்துக்குள் பதிப்பகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

காரை எடுத்துக்கொண்டு ஊர் நூலகத்துக்கு ஓடினாள். அங்கே விசாரணை மேசையில் ஹெட்டா ஸ்டென்ஸ்ரூட் இருந்தாள். பேர் மறந்துபோன புத்தகங்களைத் தேடிக் கொடுப்பதில் முப்பது வருடப் பழக்கம். அந்த மினசோட்டா ஊரில் போலீஸ்காரரைவிட அதிகம் துப்புத் துலக்கியவள் அவள்தான்.

"என்னம்மா, யாரையாவது கொன்னுட்டியா? மூஞ்சி அப்படி இருக்கு."

"திருடிட்டேன் ஹெட்டா. படிச்சுப் பாருங்க."

ஹெட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லோர்னா தன் கதையை விவரித்து ஏஐயிடம் கேட்டிருந்ததைப் படித்தாள். 'ஏழு வயதில் படித்த காலப்பயணக் கதை. உறைந்த ஏரிமேல் ஒரு மரக்குடில். மீன்பிடிக்கப் பனியில் போட்ட துளை வழியே ஒருவன் இறங்குகிறான். அந்தப் பக்கம் வேறு காலம். எந்தக் காலத்துக்குப் போனாலும் தூரத்துக் கரையில் ஒரு விளக்கு தெரியும். அது அணைந்தால்தான் அவன் வீடு திரும்பலாம். முடிவு ஞாபகமில்லை. இது யாருடைய கதை?'

பதில் கீழே இருந்தது. 'அருமையான கேள்வி! கதையின் பெயர் "ஏரிக்கு அடியில் ஒரு செவ்வாய்க்கிழமை". எழுதியவர் கார்வின் லெட்ஸ். 1956.'

ஹெட்டா தன் கணினியில் தேடினாள். நாடு முழுவதும் உள்ள நூலகப் பட்டியல்களில் அப்படி ஒரு கதையும் இல்லை, அப்படி ஓர் ஆளும் இல்லை.

"அரிய கதையா இருக்கும்," என்றாள் லோர்னா. "எங்கேயாவது ஒரு பிரதி இருந்தாப் போதும். என் மானம் போயிடும்."

"சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை பண்ணலாமா?"

அதே உரையாடலில் ஹெட்டா தட்டினாள். 'மன்னிக்கவும், தப்பாகச் சொல்லிவிட்டேன். ஏரி இல்லை, முடிதிருத்தும் கடை. ஆண் இல்லை, ஒரு விதவை. நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு காலம்.'

'ஆமாம், அதே கதைதான்! கார்வின் லெட்ஸ் அந்த விதவையை மறக்க முடியாதபடி படைத்திருக்கிறார்' என்று கூசாமல் பதில் வந்தது.

ஹெட்டா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "இது எதுக்கும் தலையாட்டும். நீ கேட்டதையே உனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கு."

லோர்னாவுக்கு நிம்மதி வரவில்லை. "ஆனா நான் அந்தக் கதையை உருவாக்கல ஹெட்டா. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். இன்னொருத்தரோடது."

மணி மூன்றரை. ஹெட்டா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அட்டை என்ன நிறம்?"

"தெரியல."

"படம்?"

"இல்ல."

"தடிமனா, ஒல்லியா? பத்திரிகையா, புத்தகமா?"

"ஞாபகமே இல்ல."

"எங்கே உக்காந்து படிச்சே?"

"எங்க மீன்பிடிக் குடில்லதான். உறைஞ்ச ஏரிமேல. கால் விறைச்சுப் போகும். எரிவாயு அடுப்போட வாசனை. சுத்தியும் கும்மிருட்டு."

"இருட்டுல எப்படிப் படிச்சே?"

லோர்னா கைப்பேசியை மேசைமேல் வைத்தாள்.

"முப்பது வருஷமா இந்த மேசைக்கு வர்றவங்க கதையை மறந்துடுவாங்க, அட்டையை மறக்க மாட்டாங்க," என்றாள் ஹெட்டா. "நீலமா இருக்கும், மூலை கிழிஞ்சிருக்கும், காப்பிக் கறை இருக்கும்னுதான் ஆரம்பிப்பாங்க. உனக்குக் கதை முழுக்க ஞாபகம் இருக்கு, ஆனா புத்தகம் இல்ல. ஏன்னா புத்தகமே கிடையாது. யாரோ சொல்லக் கேட்டிருக்கே. சரி, அந்தக் குடில் ஜன்னல்ல என்ன தெரியும்?"

"கரை. எங்க வீடு." குரல் இறங்கியது. "சமையலறை விளக்கு."

"சமையலறையில யாரு?"

"அப்பாவும் அம்மாவும். கத்திக்கிட்டு இருப்பாங்க. தட்டு உடையும்."

"ரெண்டு பேரும் அங்கே. அப்ப குடில்ல உன்கூட யாரு? ஏழு வயசுப் பிள்ளை தனியா ஏரிமேல போகாது."

வேறு யாராக இருக்க முடியும்?

"வெர்ன்," என்றாள் லோர்னா. "எங்க அண்ணன்."

"கதையோட சொந்தக்காரர் அவர்தான். பெற்றோர் சண்டை ஓயுற வரைக்கும் உன்னை வெளியே வெச்சிருக்க ஒரு கதை வேணும். விளக்கு அணைஞ்சா ரெண்டு பேரும் படுத்துட்டாங்கன்னு அர்த்தம். கதை அங்கேயே நிக்கும். அதனாலதான் உனக்கு முடிவு தெரியல."

அண்ணனோடு பேசி வெகுகாலம் ஆயிற்று. பெரிய சண்டை ஒன்றும் இல்லை, விட்டுப்போயிற்று. ஏரிக்கு எதிர்க்கரையில் அவன் தூண்டில் இரை விற்கிறான். அவள் பயந்துகொண்டே எண்ணை அழுத்தினாள்.

"லோர்னாவா? யாரு செத்துட்டாங்க?"

"யாரும் இல்லண்ணா." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். திருட்டு, கையெழுத்து, ஐந்து மணி.

மறுமுனையில் யாரோ பொடிமீன் கேட்டார்கள். வெர்ன் அவர்களைக் காத்திருக்கச் சொன்னான்.

"அதை இன்னும் ஞாபகம் வெச்சிருக்கியா? நீ தூங்கிட்டேன்னுல்ல நெனச்சேன்." சிரித்தான். "திருட்டாவது ஒண்ணாவது, வெச்சுக்கோ. உன் கதையில அவன் என்ன ஆகறான்?"

"அந்தப் பக்கமே இருந்துடறான். தனியா. விளக்கு அணையவே இல்லைன்னு முடிச்சேன்."

வெர்னின் சிரிப்பு நின்றது.

"ஏன் அப்படி? நான் ஒரு நாள்கூட அவனை அங்கே விட்டுட்டு வரலியே. தினமும் கதையில அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டுதானே உன்னைத் தூக்கிட்டு நடப்பேன். நீதான் அதுக்குள்ள கண்ணை மூடியிருப்பே."

லோர்னா அழுதாள். ஹெட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்துக்குச் சற்று முன்னால் பதிப்பகத்தில் போனை எடுத்தார்கள்.

"கதையைத் திரும்ப வாங்கிக்கப் போறீங்களா?" என்றது கவலைக் குரல்.

"இல்ல. என் பேருக்கு முன்னாடி இன்னொரு பேர் போடணும். அப்புறம், ஒரு பக்கம் எழுத எனக்கு ராத்திரி வரைக்கும் டைம் குடுங்க. அவனை வீட்டுக்குக் கொண்டுவரணும்."