வாசற்கதவுக் கிதார்

அவர் பேசினால் அது முனகியது. நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது.

சுவரோரம் சாய்ந்திருந்த அந்தக் கிதாரை யாரும் தொடவில்லை. அதோடு இணைத்திருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிய, வார்னிஷும் உருக்கிய ஈயமும் ஈர மரமும் கலந்த வாசனை அந்தச் சின்னக் கடையில் சாயங்கால மழையோடு சேர்ந்து கனத்துக்கொண்டிருந்தது.

"வரப்போற மாப்பிள்ளைக்குப் பரிசு. பழைய காலத்து எலெக்ட்ரிக் கிதார்தான் பிடிக்குமாம். எங்க வீட்டுலேருந்து போற பொருள் சோடை போகக் கூடாது" என்றார் பெரியவர். அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே, தொண்டை கட்டிய குரலில், பெட்டி திருப்பி முனகியது.

"பயப்படாதீங்க ஐயா. கம்பிக்கு அடியில, பிக்கப்புல இருக்கிற காந்தச் சுருளுக்கு மெழுகு ஊத்தல. பழைய பாணி அது. கம்பி அதிர்றது மட்டுமில்ல, பக்கத்துல பேசுறதும் அதுக்குக் கேக்கும்" என்றான் கடைக்காரன்.

"நான் எங்க பயந்தேன்?"

பயந்து பழக்கமில்லாத முதுகு அது. நாற்காலியிலும் சாயாது.

கடைக்காரன் கிதாரை எடுத்து அவர் மடியில் வைத்தான். "நிறத்தைப் பாத்து மயங்காதீங்க. முதல்ல கழுத்தைப் பிடிங்க, கைக்கு அடங்கணும். விரலை ஓட்டினா அதுல பதிச்ச உலோகக் கட்டையோட ஓரம் கீறக் கூடாது. அப்புறம் மரம். முகத்தையா பாக்குறது? குணத்தைப் பாக்கணும்."

"பொண்ணு பாக்குற மாதிரி சொல்றீங்க."

"நான் பாத்த பொண்ணுக்குக் குணம் தங்கம். அண்ணன்தான் சரியில்ல."

பெரியவர் விரல்களை மடக்கிப் பிடித்துப் பார்த்தார். கிதாரின் கழுத்து, காய்ச்சலில் வியர்த்து ஆறியது போல உள்ளங்கையில் ஒட்டியது.

"கனமா இருக்கே. உள்ள என்ன?"

"உள்ளன்னு ஒண்ணும் கிடையாது. ஒரே பலகை. காத்துகூடப் புகாது."

தட். தட். தட்.

பெட்டியிலிருந்து வந்தது அந்தச் சத்தம். மரத்தில் விரல் முட்டி படும் சத்தம். அவர் கைகள் அசையவே இல்லை.

"என்ன மரம் இது?" குரல் ஏன் இறங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒரு ஆகிவந்த வீட்டு வாசக்கதவு. சம்பந்தம் பேச ஆள் வர்றாங்கன்னு புதுக் கதவு போட்டுட்டு இதை வித்துட்டாங்க. நல்லாக் காஞ்ச மரம்தான். உள்பக்கம் ஈரமே பட்டதில்ல. வெளிப்பக்கம் மட்டும் ஒரு ராத்திரி முழுக்க நனைஞ்சிருக்கு."

அவர் விரல் பலகையின் ஓரத்தில் ஒரு பள்ளத்தைக் கண்டது. தாழ்ப்பாள் இருந்த இடம். தினமும் அவரே போட்ட தாழ்ப்பாள்.

தங்கை ஒரு கிதார்க்காரனோடு போனாள். "அவளைத் தலைமுழுகியாச்சு. அவன் முகத்தை ஏறெடுத்தும் பாக்கமாட்டேன்" என்றார். சொன்னால் சொன்னதுதான். கல்யாணப் படம் தபாலில் வந்தது. உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டார். காய்ச்சலோடு அவள் மழையில் வந்து கதவைத் தட்டிய ராத்திரி, இந்தப் பக்கம் நாற்காலியில் முதுகு நிமிர உட்கார்ந்திருந்தார். தட்டுவது நின்ற பிறகும் எழவில்லை. விடிந்ததும் அவள் உடலைத் தூக்கியவர்கள் பக்கத்து வீட்டார்.

பார்க்கமாட்டேன் என்ற முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அதனால்தான் யார் கடை என்று தெரியாமல் உள்ளே நுழைந்தார்.

மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாப் பாத்துக்குங்க மச்சான்" என்றான் கடைக்காரன். "இன்னிக்காவது."

கிதார் மடியிலிருந்து சரிந்தது. அது விழுந்த ஓசை இல்லை. பெரியவர் எழுந்தார். கதவு. கண்ணாடிக் கதவு. இழுத்தார். வரவில்லை.

தட்டினார்.

கண்ணாடி சத்தமே போடவில்லை. சத்தம் பின்னாலிருந்து வந்தது. பெட்டியிலிருந்து. தட். தட். தட்.

வெளியே ஒரு பெண் மழைக்கு ஒதுங்கி நின்றாள். கை எட்டும் தூரம்.

"அம்மா! கதவைத் திறங்க!"

வாய்தான் அசைந்தது. குரல் பெட்டியிலிருந்து வந்தது. கரகரத்து, பலகைக்குள் அடைபட்டு. அந்தப் பெண் திரும்பினாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து நெற்றி முடியை ஒதுக்கினாள். அவர் கண்களுக்கு நேராக. பிறகு குடையை விரித்து நடந்தாள்.

விரல் முட்டித் தோல் கிழிந்தது. இரத்தம் கண்ணாடியில் படவில்லை.

கடைக்காரன் கிதாரை எடுத்தான். ஒரு துணியால் பலகையைத் துடைத்தான். சிவப்பாக வந்தது. சுவரில் மாட்டினான்.

"குடும்ப விஷயம் வெளியில கேக்கக் கூடாது இல்லையா மச்சான்?"

கிதாரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பிடித்தான். பதமாகத் திருகினான்.

அலறல் பேச்சானது. பேச்சு முனகலானது. பிறகு மழை மட்டும் கேட்டது.

கண்ணாடியில் பெரியவரின் வாய் திறந்தபடி இருந்தது. அதற்குப் பின்னால், சுவரில், யாரும் தொடாத கம்பிகள் எல்லாம் வெறிகொண்டு அதிர்ந்துகொண்டிருந்தன.