நீல வண்டியின் இரண்டு மூடிகள்

எங்கள் வண்டியின் நிறம் நீலம். கம்பெனி அடித்த நீலம் இல்லை, படகுக்கு அடித்த நீலம். திரேஸ்புரத்தில் ரெனிஷ் மாமா தன் படகுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம், மிச்சத்தை வண்டிக்கு அடித்துவிடுவோம். உப்புக்காற்று சும்மா விடுமா?

அந்தப் பழைய மோட்டார் சைக்கிளில்தான் என் அம்மா பிளாரன்ஸ் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மீன் விற்கப் போவாள். வண்டி வாங்குவதற்கு முன்னால் கூடையோடு நடப்பாள். மீன் கூடையைப் பார்த்தால் பஸ் நிற்காது. அப்போதெல்லாம் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா வீட்டில் இருக்க மாட்டாள். நானே சடை பின்னிக்கொள்வேன். ஒன்று காதுக்கு மேலே நிற்கும், இன்னொன்று தோளுக்குக் கீழே தொங்கும். வகுப்பே சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும். அம்மா இல்லாத அந்தக் காலைப்பொழுதுதான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வண்டி வந்த பிறகுதான் நான் கிளம்புவதற்குள் அவள் வீடு திரும்பினாள்.

போன வாரம் வண்டியின் முன்சக்கரம் குதிக்க ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் பெட்டிக்குள் மீன்களெல்லாம் உயிர் வந்த மாதிரி துள்ளின. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் எண்ணெய் கெட்டுவிட்டதாம். உச்சியில் இருக்கும் மூடிகளைக் கழற்றினால்தான் புது எண்ணெய் ஊற்ற முடியும். மூடிகளோ அசையவே இல்லை.

"துருப்பிடிச்சுப் போச்சு, எடைக்குப் போடுங்க" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில இரும்புக் கடைக்காரரு வாராரு. அதுக்குள்ள கழண்டா சரி" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமா வந்தார்.

"படகு எஞ்சினையே பிரிச்சுப் போடுதவன் நான். இந்த ரெண்டு மூடி எனக்கு எம்மாத்திரம்க்கா?"

ஹேண்டில் கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்தார். மண்ணெண்ணெய் ஊற்றினார். சுத்தியலால் தட்டினார். ஸ்பானரில் நீளமான குழாயைச் சொருகித் தொங்கினார். ஸ்பானர் வழுக்கி, மாமா மல்லாக்க விழுந்தார்.

"ஏளா சுதா, சிரிக்காத!"

"சிரிக்கல மாமா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மாமா எழுந்து மூடியைத் தடவிப் பார்த்தார். "முனை மழுங்குது. ரம்பத்தை வச்சு அறுத்துர வேண்டியதுதான்."

அறுத்தால் வண்டி அவ்வளவுதான். அப்போதுதான் மூடிக்குக் கீழே, குழாயைச் சுற்றியிருக்கும் இரும்புக் கவ்வியைப் பார்த்தேன்.

ஐயையோ!

போன கிறிஸ்துமஸுக்கு வண்டிக்குப் பெயிண்ட் அடித்தது நான்தான். அந்தக் கவ்வியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இடுக்கு இருந்தது. எவ்வளவு அடித்தாலும் பெயிண்ட் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. படகில் இடுக்கைக் கண்டால் நாங்கள் விடுவோமா? படகு ஓட்டைகளை அடைக்கக் குழைத்து வைத்த பட்டிப் பசையை எடுத்து அடைத்துவிட்டேன். பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த போல்ட் தலையையும் சேர்த்து மெழுகிவிட்டேன். "கெட்டிக்காரி!" என்று மாமாகூட முதுகில் தட்டினார்.

சொன்னால் ஏச்சு விழும். சொல்லாவிட்டால் வண்டி போய்விடும்.

"மாமா, படகு எஞ்சின்ல ரப்பர் குழாயை உருவணும்னா முதல்ல என்ன செய்வீய?"

"கிளிப்பு திருகை லூசாக்குவேன். அது இறுக்கிப் பிடிச்சிருக்கும்லா?"

"இங்கனயும் இந்தக் கவ்வியில ஒரு போல்ட் குழாயை மூடியோட சேர்த்து இறுக்கிப் பிடிச்சிருக்கு மாமா. நான்தான் பட்டி வச்சு மூடிட்டேன்."

மாமா என்னைப் பார்த்தார். கவ்வியைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி! காலையிலயிருந்து நான் மல்லுக்கட்டுனது உன் பட்டியோடயா?"

அம்மா ஏசவில்லை. பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை என் கையில் கொடுத்தாள். "நீ அடைச்சதை நீயே எடு."

சுரண்டினேன். நீலம் உரிந்தது, அடியில் இருந்த பட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தது. கடைசியில் இடுக்கு தெரிந்தது. போல்ட் தலையும் வெளியே வந்தது. மாமா போல்ட்டைத் தளர்த்திவிட்டு, மூடியில் ஸ்பானரை வைத்துத் திருப்பினார்.

மூடி திரும்பியது!

"மெதுவாலே! உள்ளே ஸ்பிரிங் இருக்கு, அமுக்கிக்கிட்டே திருப்பு" என்று அம்மா கத்தினாள். மாமா கேட்டால்தானே? மூடி 'டப்'பென்று துள்ளி, ஐஸ் பெட்டிக்குள் போய் விழுந்தது.

"அடுத்தது சுதா கழட்டட்டும்" என்றாள் அம்மா.

இரண்டாவது பக்கத்தையும் சுரண்டினேன். போல்ட்டைத் தளர்த்தினேன். மாமா மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நீளக் குழாய் எதுவும் இல்லாமல், வெறும் ஸ்பானரால் திருப்பினேன். கழன்று வந்தது! அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நான் போட்ட கூச்சலில் தெருவே ஓடி வந்தது. சாயங்காலத்துக்குள் மாமா புது எண்ணெய் ஊற்றி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் இரும்புக் கடைக்காரர் தராசோடு வந்தார்.

"எங்கேம்மா அந்த நீல வண்டி?"

"வியாபாரத்துக்குப் போயிருக்கு அண்ணாச்சி" என்றேன்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் எங்கள் வண்டிச் சத்தம் கேட்டது. அம்மா பெட்டியை இறக்கினாள், சோப்பு போட்டுக் கை கழுவினாள், சீப்பை எடுத்தாள்.

அன்றைக்கு என் இரண்டு சடைகளும் ஒரே உயரத்தில் இருந்தன.