ஜெசிந்தா விழும் வளைவு

மறுஓட்ட நாளன்று பொள்ளாச்சி சாலையில் எல்லோருக்கும் ஒரே இடம்தான் வேண்டும்: ஜெசிந்தா விழும் வளைவு. வெற்றிக்கோட்டைப் பார்க்க யார் போவார்கள்? அடுத்தவர் குப்புற விழுவதைப் பார்க்கும் சுகமே தனி. பஜ்ஜிக்கடை செல்லாத்தாள் அங்கேயே அடுப்பை மூட்டிவிட்டாள்.

உண்மையான ஜெசிந்தா செத்து வெகுகாலம் ஆகிறது. 2041 தேசிய சைக்கிள் பந்தயத்தில் இதே வளைவில் விழுந்தவள் அவள். பிறகு ஊக்கமருந்து, சூதாட்டம், அடிதடி என்று பந்தயமே நாறிப்போனதால், இனிப் புதிய வெற்றியே வேண்டாமென்று அரசு இந்தியப் பந்தய வரலாற்றை இழுத்து மூடியது. இப்போது பழைய பந்தயங்களையே, நடந்தது நடந்தபடி, ஆள்வைத்து மறுபடி ஓட்டுகிறார்கள். வென்றவள் வேடம் ரங்கநாயகிக்கு. அவள் வியர்த்து யாரும் பார்த்ததில்லை. முகப்பூச்சு கலையாமல் வந்து சேருவாள். விழுகிறவள் வேடம் வருடா வருடம் துளசிமணிக்கு.

“அம்மிணி, போன வருஷம் என்னமோ உக்கார்ற மாதிரி வுழுந்தீங்க. சனம் எவ்வளவு தூரத்துலிருந்து வருது! நல்லா உருண்டு வுழோணும்,” என்றாள் செல்லாத்தாள், பந்தயத்துக்கு முன் வளைவைப் பார்க்க வந்த துளசிமணியிடம்.

“நீ வேணா ஏறி வுழுந்து காட்டேன்க்கா.”

பந்தயம் தொடங்கியது. வழிநெடுக ரங்கநாயகி ஆடி அசைந்து போக, பின்னால் வந்த துளசிமணிக்கு பிரேக்கைப் பிடித்துப் பிடித்தே விரல் வலித்தது. கால்கள் துடித்தன. வளைவு வந்ததும் காதொலிக்கருவியில் வரலாற்று அதிகாரி பேசினார்: “இடப்பக்கம் சாய். விழு.”

துளசிமணி பிரேக்கிலிருந்து விரலை எடுத்தாள்.

“விழும்மா! விழலைன்னா மிதியுரிமம் ரத்து. ஆயுசுக்கும் சைக்கிளைத் தொட முடியாது!”

“விழுந்தது ஜெசிந்தா சார். நான் ஒருநாளும் தானா விழுந்ததில்ல.”

கருவியைப் பிடுங்கி எறிந்தாள். வளைவில் நின்ற கூட்டம் ‘ஐயோ’ என்று அலறியது. ஒருத்தி நிமிர்ந்தே போனதற்கு அத்தனை பேரும் அலறியது அன்றுதான். துளசிமணி ரங்கநாயகியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

“ஏய்! நீ வுழுந்திருக்கோணுமே!”

“வுழல. இப்ப என்ன பண்ணப் போற?”

ரங்கநாயகிக்கு முகம் வெளுத்தது. பிறகு என்ன நினைத்தாளோ, இருக்கையிலிருந்து எழுந்து மிதிக்கத் தொடங்கினாள். பின்னால் வந்தவர்களுக்கும் அந்தப் பேய் பிடித்துக்கொண்டது. என்ன ஆகும் என்று மேலே பறந்து படம்பிடித்த ட்ரோனுக்கும் தெரியவில்லை, அதிகாரிக்கும் தெரியவில்லை. பஜ்ஜியைத் தீயவிட்டுச் செல்லாத்தாளும் வெற்றிக்கோட்டுக்கு ஓடினாள்.

முதலில் வந்தவள் ஓர் ஒல்லிப் பெண். ஒன்பதாவது வரும் வேடக்காரி. பெயர்கூட யாருக்கும் தெரியாமல் அவளிடமே கேட்க வேண்டியிருந்தது. வியர்வை வழிய ரங்கநாயகி இரண்டாவது. துளசிமணி மூன்றாவது.

அதிகாரி மூச்சிரைக்க வந்து அவளுடைய மிதியுரிம அட்டையை வாங்கி இரண்டாக உடைத்தார். “உரிமமும் போச்சு. ஜெயிக்கவும் இல்ல. எதுக்கும்மா இந்த வீம்பு?”

துளசிமணி சாலையோரம் உட்கார்ந்து, நடுங்கும் தொடைகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“தோத்துட்டேன் சார். ஜெசிந்தா இல்ல, நானே தோத்தேன். துளசிமணி, மூணாவது. அப்படியே எழுதிக்குங்க.”